நான்காவது அம்பு

அனுசுயாவின் கண்ணைப் பற்றி அந்தப் பனியன் கம்பெனியில் சொல்லப்படும் கதைகளில் பாதியை நம்பலாம். மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டால் நம்பத்தக்க பாதிக்கும் ருசி போய்விடும். ஜெர்மனியிலிருந்து சரக்கு வாங்க வந்த பையர் ஒருவர் செக்கிங் டேபிளைத் தாண்டி நடந்தாராம். அவர் சட்டையின் முதுகில் ஒரு தையல் விட்டுப்போனதை இவள் பார்த்து, அவருக்கே தெரியாமல் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டாளாம். மனிதர் அந்த அம்போடே விமானம் ஏறி ஊர் போய்ச் சேர, வீட்டுக்காரி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிக்க, அடுத்த ஆர்டர் இரண்டு மடங்காக வந்ததாம். ஆர்டர் வந்தது உண்மை. மற்றதற்கு அந்தச் சட்டைதான் சாட்சி.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு திருப்பூருக்கு வந்தவள் அனுசுயா. கணவன் ஜெயபாண்டி காம்பாக்டிங் மெஷினில் துணியைச் சீராக்குகிறவன். இவளுக்கு முதல் நாளே செக்கிங் டேபிளில் இடம் கிடைத்தது. பதினாறு வருடமாகியும் அந்த டேபிளை விட்டு அவள் நகரவில்லை. தலைக்கு மேலே டியூப்லைட், எதிரே மலையாகக் குவிந்த பனியன். ஒன்றை எடுத்தால் கழுத்து, தோள், கைக்குழி, பக்கத் தையல், அடி மடிப்பு என்று அதே வரிசையில் கண் இறங்கும். குறை தெரிந்த இடத்தில் ஓர் அம்பு ஒட்ட வேண்டும். அம்பின் முனை குறையைத் தொட வேண்டும். எழுத்து கிடையாது, விளக்கம் கிடையாது. தைத்தவர் அம்பைப் பார்ப்பார், சரிசெய்வார், அம்பை உரித்துப் போடுவார்.

ஸ்டிக்கரை ஒவ்வொரு தடவையும் தேடிக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. சிலர் கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையின் பின்னால் ஒரு பட்டையை ஒட்டிவைப்பார்கள். அனுசுயா கைக்கடிகாரத்தின் வாரில் ஒட்டிவைப்பாள். குறை கண்ணில் பட்டால் வலது கை தானாக இடது மணிக்கட்டுக்குப் போகும், இரண்டு விரலால் ஓர் அம்பைக் கிள்ளும், துணியில் அழுத்தும். கண் அதற்குள் அடுத்த தையலுக்குப் போயிருக்கும். கைக்கும் மூளைக்கும் நடுவே பேச்சுவார்த்தையே கிடையாது.

இப்படிப்பட்டவள் தொலைநிலைக் கல்வியில் ஆங்கில இலக்கியம் படித்தாள். பன்னிரண்டாவதோடு நின்ற படிப்பைப் பதினான்கு வருடம் கழித்துத் தூசி தட்டி எடுத்து, பி.ஏ.வை முடித்து, எம்.ஏ.வில் கடைசித் தாள் வரைக்கும் வந்துவிட்டாள். எதற்கென்று கேட்டவர்களுக்கெல்லாம் வெவ்வேறு பதில் சொன்னாள். உண்மையான பதில், படிக்கப் பிடித்திருந்தது. அதைச் சொன்னால் யாரும் நம்பவில்லை என்பதால்தான் மற்ற பதில்கள்.

கடைசித் தாளில் ஒரு பாடம் அவளை அடியோடு கவிழ்த்துவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்துக் கவிகள் சிலர் கட்டுரைகளைச் செய்யுளிலேயே எழுதினார்களாம். உலகம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, அதில் மனிதனுக்கு எந்த இடம், ஒரு கவிதையில் குற்றம் காண்பது எப்படி, காண்கிறவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் ஈரடி ஈரடியாக, கடைசி ஓசை ஒன்றோடொன்று பொருந்தும்படி, நூற்றுக்கணக்கான வரிகளுக்கு எழுதித் தள்ளியிருக்கிறார்கள்.

டீ நேரத்தில் பக்கத்து டேபிள் வெள்ளையம்மாளிடம் இதைச் சொன்னாள். வெள்ளையம்மாளும் தெற்கத்திக்காரிதான், சாத்தூர்.

"பாட்டுலயா கட்டுரை எழுதுவாக? வேற சோலி இல்லயாக்கும்."

"குத்தம் கண்டுபிடிக்கது எப்படின்னே ஒரு பாட்டு இருக்குக்கா."

"அப்பம் அந்த ஆளு செக்கிங்ல இருந்திருப்பான்," என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மாள் வடையைப் பிய்த்தாள்.

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை ஷிப்மென்ட் அவசரம், அனுசுயா எட்டு மணி வரைக்கும் டேபிளில் நின்றிருந்தாள். காலையில் அவசரமாகக் குளித்து, ஹால் டிக்கெட்டை எடுத்து, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு ஓடினாள். வாரில் பத்து அம்புகள் ஒட்டியிருந்தன. பதினாறு வருடமாக அங்கே இருக்கிறவை. மூக்குத்தி இருக்கிறதா என்று யார் தடவிப் பார்த்துவிட்டு வெளியே கிளம்புகிறார்கள்?

கைவலிக்க எழுதி முடித்தபோது பன்னிரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. முதல் பக்கத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். திருத்த வேண்டியதையெல்லாம் கடைசியில் சேர்த்துத் திருத்தலாம் என்று நினைத்தது நினைவிருக்கிறது. அடுத்து நினைவிருப்பது மணிச் சத்தமும், தாள்களைப் பறித்துக்கொண்டு போன மேற்பார்வையாளரின் வளையலும்தான்.

மாலையில் கடிகாரத்தைக் கழற்றினாள். வாரில் ஆறு அம்புகள் இருந்தன.

அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். விடைத்தாளில் பெயர் எழுதக்கூடாது, சாமி பெயர் எழுதக்கூடாது, கலர் பேனாவால் கோடிழுக்கக்கூடாது, அடையாளம் என்று எதுவுமே இருக்கக்கூடாது. முகப்பிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அவளோ சிவப்பில் நான்கு அம்புகளை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

ஐந்து வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆறாவது வாரம் பதிவுத் தபால் வந்தது. விடைத்தாளில், மதிப்பிடுபவருக்குச் சைகை காட்டும் நோக்கில் குறியீடுகள் ஒட்டப்பட்டிருப்பதாகப் புகார். புதன்கிழமை பதினொரு மணிக்குக் கோயம்புத்தூர் மையத்தில் விசாரணைக் குழு முன் ஆஜராக வேண்டும். குற்றம் உறுதியானால் அந்தப் பருவத்தில் எழுதிய தாள்கள் அத்தனையும் ரத்து, இரண்டு வருடம் தடை. எம்.ஏ. முடிக்கக் கொடுத்த ஐந்து வருடக் கெடு இந்த வருடத்தோடு தீர்கிறது என்பது தபாலில் இல்லை. அது அவளுக்கே தெரியும். ரத்தானால் படித்ததெல்லாம் போயிற்று. திரும்பவும் முதல் வருடத்து முதல் தாளிலிருந்து.

ஜெயபாண்டி கடிதத்தை இரண்டு தடவை வாசித்தான்.

"ஊருல எல்லாரும் பிட்டு கொண்டுட்டுப் போயி மாட்டுவாக. நீ மட்டுந்தான் உன் பேப்பருல தப்பு எங்க இருக்குன்னு நீயே அம்பு போட்டுக் காட்டிக்குடுத்துட்டு மாட்டிருக்க."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

செக்கிங் சூப்பர்வைசர் சாரதாமணி சேவூர்க்காரர். வியாழக்கிழமை ஒரு லோடு போக வேண்டியிருந்தும், கேட்ட உடனே லீவு கொடுத்தார். கூடவே யோசனையும் கொடுத்தார்.

"அங்க போயி எதுத்துப் பேசிறாத கண்ணு. படிச்சவிய முன்னால வாதாடுனா ரோசம் வந்துரும். தெரியாமப் பண்ணீட்டனுங்க, மன்னிச்சிருங்கன்னு கையக் கட்டீட்டு நில்லு."

"செய்யாத தப்புக்கா?"

"டெய்லருகிட்ட நீ எப்புடிச் சொல்லுவ? பீஸ அவ மடியில விட்டெறியுவியா? நல்ல பக்கம் மேல தெரியற மாதிரி மடிச்சுக் கொண்டுபோயி, கழுத்து நல்லா வந்திருக்குது, கைக்குழிய மட்டும் பாருன்னுதான சொல்லுவ? அந்த மாதிரி."

அது அந்த டேபிளில் சாரதாமணி போட்ட சட்டம். ரிஜெக்ட் பீஸை விசிறி எறிந்த செக்கிங்காரிகளை அவர் ஒரே வாரத்தில் பேக்கிங்குக்கு மாற்றியிருக்கிறார்.

புதன்கிழமை காலை அனுசுயா கடிகார வாரைச் சுத்தமாகத் துடைத்தாள். ஒரு துண்டு ஸ்டிக்கர்கூட இல்லை என்று விளக்கடியில் பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறினாள். வழியில் அவிநாசி வந்ததோ போனதோ அவளுக்குத் தெரியாது.

விசாரணை அறையில் ஒரு மேசை, இரண்டு பேர். கோப்போடு உட்கார்ந்திருந்தவர் பிரிவு அலுவலர் மயில்சாமி. நடுநாற்காலியில், நரைத்த புருவத்தோடு, குழுவின் தலைவர் பேராசிரியர் தனபால். அந்தப் பெயரைப் பலகையில் வாசித்த அனுசுயா இன்னொரு தடவை வாசித்தாள். செய்யுள் கட்டுரைகளைப் பற்றிய பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், பெயருக்குப் பின்னால் ரயில் பெட்டிகளைப் போலப் பட்டங்கள் கோத்த அதே தனபால்.

அவள் நடந்ததைச் சொன்னாள். கடிகாரம், வார், பத்து அம்புகள், ஆறு அம்புகள். மயில்சாமி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பிறகு விடைத்தாளை அவள் பக்கம் திருப்பினார். நான்கு சிவப்பு அம்புகளும் அப்படியே இருந்தன.

"நீங்க சொல்றது மொதல் மூணுக்குச் சரியா வருதுங்க. இங்க வருசம் தப்பு. இங்க ஒரு வார்த்தை உட்டுப்போச்சு. இங்க ஒரே வரி ரெண்டு தடவ வந்திருக்குது. ஆனா இந்த நாலாவது அம்பு எதுக்குங்க? இந்த வரியில ஒரு தப்பும் இல்லீங்களே. புத்தகத்துல இருக்கறது அட்சரம் பெசகாம இருக்குது."

அனுசுயா குனிந்து பார்த்தாள். ஆங்கிலத்தில் அவள் எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: உலகில் ஒவ்வொன்றும் தனக்குரிய இடத்தில் இருக்கிறது, மனிதன் முறையிட வழியே இல்லை என்பதை இந்தச் செய்யுள் கட்டுரை ஐயத்துக்கு இடமின்றி நிறுவுகிறது. 'நிறுவுகிறது' என்ற சொல்லின் தலையில் அம்பு குத்தி நின்றது.

எதற்கு ஒட்டினோம் என்று அவளுக்கு நினைவில்லை.

"மூணு தப்ப நெசமாக் காட்டிப்போட்டு, நாலாவதைச் சைகையா வெச்சிருக்கீங்கன்னு ஆயிருதுங்களே," என்றார் மயில்சாமி. குரலில் கோபமில்லை. கோபம் இருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

மின்விசிறி ஒரு பக்கம் தட்டித் தட்டிச் சுற்றியது. அனுசுயா அந்த வாக்கியத்தைப் பனியனைப் போல விரித்தாள். கழுத்து சரி. தோள் சரி. சொல்லுக்குச் சொல் தையல் சுத்தம். புத்தகத்தின் வாக்கியம், தனபாலின் வாக்கியம். மனப்பாடம் செய்து எழுதியது. பிறகு ஏன்?

போன வருடத்து லாட் ஒன்று நினைவுக்கு வந்தது. ஐயாயிரம் பீஸ். ஒவ்வொரு தையலும் நூல் பிடித்த மாதிரி இருந்தது. அவளே கையால் தடவிப் பாஸ் செய்தாள். பொம்மைக்கு மாட்டிப் பார்த்தபோதுதான் இடது கை முறுக்கிக்கொண்டு நின்றது. தைத்தவர் மேல் தப்பில்லை. வெட்டின அளவே கோணல். தையலின் அழகில் கோணல் மறைந்திருந்தது.

அம்பு அதற்குத்தான். நினைவு வந்த அதே நொடியில் அடுத்ததும் புரிந்தது. இந்த அம்பு சைகை இல்லை என்று நிரூபிக்க வேண்டுமானால், எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரின் வாக்கியத்தில் குறை இருக்கிறது என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சைகை. சொன்னால் அவர் கையில் தீர்ப்பு.

நல்ல பக்கம் மேலே, என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"ஐயா, அந்தப் பாடத்துல ஈரடியப் பத்தி நீங்க எழுதினதப் படிச்ச பிறகுதான் எனக்கு அந்தப் பாட்டே புரிஞ்சுதுங்க. ரெண்டு அடிக்குள்ள ஒரு எண்ணத்த மடிச்சு, விளிம்பு பிரியாம ஓவர்லாக் போட்ட மாதிரி இருக்குன்னு தோணுச்சு."

தனபாலின் புருவம் அசையவில்லை.

"ஆனா 'நிறுவுகிறது'ங்கற ஒரு சொல்ல என்னால பாஸ் பண்ண முடியலங்க. அடி அடியோட சேருதுங்கறதால வாதம் வாதத்தோட சேர்ந்துராதுங்களே. ஓசை பொருந்தினதும் நமக்கு ஒத்துக்கத் தோணிருது. தையல் நல்லா இருந்தா அளவு சரின்னு நினைக்க மாதிரி. உலகத்துல குறையே இல்ல, எல்லாம் அததோட இடத்துல இருக்குன்னு அந்தக் கவி அழகா சொல்லுதாரு. சொல்லுதாரு, அவ்வளவுதாங்க. நான் பதினாறு வருசமா குறை பாக்கேன். குறையே இல்லன்னு சொல்லுத ஆளுக்கு ஷிப்மென்ட் தேதி நெருங்கிருச்சுன்னுதான் அர்த்தம்."

கடைசி வாக்கியம் அவளறியாமல் வந்துவிட்டது. மயில்சாமி இருமினார்.

தனபால் விடைத்தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த வாக்கியம் யாருதுன்னு தெரியுங்களா?"

"தெரியுங்க ஐயா."

"அப்பவும் தெரியுமா?"

"அப்ப வாக்கியந்தாங்க தெரிஞ்சுது. ஆள் தெரியல. பீஸப் பாக்கையில தைச்சது யாருன்னு பாக்கக்கூடாதுங்க."

"ஆறு வாரம் இருந்திருக்குது. இப்பிடி ஒரு விளக்கத்தை யார் வேணும்னாலும் யோசிச்சுட்டு வரலாம்," என்றார் தனபால். வார்த்தை மரியாதையாக இருந்தது. காது நுனி சிவந்திருந்தது. தன் பையிலிருந்து தட்டச்சுப் பிரதி ஒன்றை எடுத்து, நடுவில் பிரித்து, அவள் முன் வைத்தார். "இது அடுத்த வருசத்துக்கு அச்சாகப் போற பாடம். நீங்க பார்த்திருக்க முடியாது. ஒரு பக்கம் வாசிங்க. குறை இருந்தாச் சொல்லுங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லுங்க."

அனுசுயா வாசித்தாள். குற்றம் காண்கிறவருக்கு இருக்க வேண்டிய பண்புகளைப் பற்றி அதே நூற்றாண்டில் எழுந்த செய்யுள்களைக் குறித்த பக்கம். வாசிக்க வாசிக்க அறை மறந்தது. மின்விசிறியின் சத்தம் நின்றுபோனது. இருந்தது செக்கிங் டேபிளும் மேலே டியூப்லைட்டும் மட்டும்தான்.

மயில்சாமிதான் முதலில் பார்த்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவளுடைய வலது கை எழுந்து இடது மணிக்கட்டுக்குப் போயிற்று. வெறும் கடிகார வாரில் இரண்டு விரலும் எதையோ கிள்ளின. இல்லாத அந்த எதையோ கொண்டுவந்து ஐந்தாவது வரியில் அழுத்தி, கட்டைவிரலால் ஒரு தடவு தடவிவிட்டுத் திரும்பின. அவள் கண் அதற்குள் எட்டாவது வரிக்கு இறங்கியிருந்தது. சற்றுப் பொறுத்து மறுபடியும் கை போயிற்று. கிள்ளியது, ஒட்டியது. இன்னும் சில வரி தள்ளி இன்னொரு தடவை.

"மூணு," என்றார் மயில்சாமி, பக்கத்தின் அடியை அவள் எட்டியபோது.

அனுசுயா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "என்னதுங்க சார்?"

"ஒண்ணுமில்லீங்க. எத்தனை தப்பு இருக்குதுங்க அந்தப் பக்கத்துல?"

"மூணுங்க. ரெண்டு சின்னது. ஒண்ணு..." அவள் தனபாலைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தனபால் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் பார்த்தார். அந்த நேரத்தில் ஐம்பது பீஸாவது பார்த்து முடித்திருக்கலாம் என்று அவள் பின்னால் வெள்ளையம்மாளிடம் சொன்னாள். வெள்ளையம்மாள் அதைச் சாரதாமணியிடம் நூறு என்று சொன்னாள்.

"மயில்சாமி, எழுதிக்கங்க," என்றார் கடைசியில். "சைகை இல்லை. தொழில் பழக்கம். தாளை வேற ஒருத்தருக்கு மதிப்பீட்டுக்கு அனுப்பலாம்."

மயில்சாமி படிவத்தைப் புரட்டினார். முன்னும் பின்னும் தேடினார். "ஐயா, இதுல பிட்டு, செல்போன், ஆள்மாறாட்டம், வேண்டுகோள் எழுதறது, இவ்வளவுதானுங்க இருக்குது. தொழில் பழக்கத்துக்குக் கட்டமே இல்லீங்க."

"கோடு போட்டு ஒரு கட்டம் உண்டாக்குங்க."

அவர் ஸ்கேல் தேடிக் கோடு போடும்வரை அனுசுயா நின்றுகொண்டே இருந்தாள். கையெழுத்துப் போட்டு வாசலுக்குப் போனவளைத் தனபாலின் குரல் நிறுத்தியது.

"அந்த மூணாவது என்னன்னு சொல்லிட்டுப் போங்க."

அவள் திரும்பி வந்து, விரலால் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பென்சிலால் அந்த இடத்தில் ஒரு சின்ன அம்பு போட்டார். சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை.

ஒரு மாதம் கழித்து ஆணை வந்தது, மதிப்பெண்ணும் கூடவே. ஐம்பது வேண்டும், ஐம்பத்து நான்கு இருந்தது. செய்யுள் கட்டுரைக் கேள்விக்குப் பதினைந்துக்கு ஆறுதான். புதிதாகத் திருத்தியவருக்கு அம்பின் கதை எதுவும் தெரியாது. அவருக்குக் கிடைத்தது அம்பு உரித்த வாக்கியம் மட்டும்தான்.

"நாலு மார்க்குல தப்பிச்சிருக்க," என்றாள் வெள்ளையம்மாள்.

"ஒரு அம்புக்கு ஒரு மார்க்குனு வெச்சுக்கங்க," என்றார் சாரதாமணி. டேபிள் முழுக்கச் சிரித்தது.

அனுசுயா ஆணையை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து, தலைப்பிலிருந்து முத்திரை வரைக்கும் கண்ணால் இறங்கினாள். புதன்கிழமை நடந்த விசாரணையைச் செவ்வாய் என்று அடித்திருந்தார்கள். வலது கை வாருக்குப் போய் ஓர் அம்பைக் கிள்ளி, தாளுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. இந்தத் தடவை அவள் தன் கையைப் பார்த்துவிட்டாள்.

மைனர், சரக்கைத் தடுக்காத சின்னக் குறை, என்று முணுமுணுத்துக்கொண்டு, அந்த அம்பைக் குவியலில் மேலே கிடந்த பனியனின் கைக்குழியில் ஒட்டினாள். அங்கே ஒரு தையல் நிஜமாகவே விட்டுப்போயிருந்தது.